இருமை

கடைசியாக வந்தது முதலில் போகும் என்றார் மருத்துவர்.
முதலில் போனது பேரனின் பெயர்.
பிறகு ஓய்வூதிய அலுவலகத்துக்கு வழி.
பிறகு, முப்பத்தொரு வருடம் பற்றவைத்த கப்பல்கள்
ஒவ்வொன்றாகத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பின.
பிறகு முள்கரண்டி.
அதாவது, முள்கரண்டி கையில்தான் இருந்தது,
அதற்கான இத்தாலியச் சொல்தான் இல்லை.
"வீலிட்ஸா" என்றார்.
விழித்தேன்.
"வீலிட்ஸா, வீலிட்ஸா!" மேசையைத் தட்டினார்,
செவிடு நான்தான் என்பதுபோல்.

ஐம்பத்து நாலு வருடம் ஒரே கட்டில்.
தூக்கத்தில் புலம்பினாலும்
இத்தாலியனில்தான் புலம்பியிருக்கிறார்.

திரியெஸ்தேயில் எங்கள் கதவில் ஒரு பித்தளைத் தகடு:
பெவிலாக்வா.
அவர் பிறக்கும் முன்பே அரசாங்கம் மாற்றிக் கொடுத்த பெயர்.
அந்தப் பெயரில் கூப்பிட்டால் இப்போது திரும்புவதில்லை.
வோதோபீவெட்ஸ் என்றால் எழுந்து நிற்கிறார்.
இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்:
தண்ணீர் குடிப்பவன்.
மாத்திரைக்குக் கொடுத்த தண்ணீரை
வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்,
அடுத்து என்ன செய்வதென்று
யாராவது சொல்லட்டும் என.
தொண்டையை வருடிவிடுகிறேன்.
இறங்குகிறது.

எழுபத்தாறு வயதில் நோட்டு வாங்கினேன்.
வியாழக்கிழமை மாலை ஸ்லோவேனியன் வகுப்பு.
எல்லைக்கு அப்பால் வேலை தேடும் பையன்கள் நால்வர்,
ஒரு பல் மருத்துவர்,
மூக்குக்கண்ணாடியை மறந்து வரும் நான்.
ஆசிரியை நெய்கா, என் மகளைவிடச் சின்னவள்,
கரும்பலகையில் மூன்று கோடு போட்டாள்:
ஒருமை. பன்மை. நடுவில் இருமை.
இரண்டு பேர் மட்டும் போனால் அதற்குத் தனி வினை,
இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டால் தனி வினை,
மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் கலைந்துவிடும்.
இப்படி ஒன்றை வைத்துக்கொண்டா
இந்த மனிதர் என்னோடு வாழ்ந்தார்
என்று நினைத்தேன்.

நினைக்க எனக்கு உரிமை இல்லை.
ஃபுல்வியா தொட்டிலில் கிடந்தபோது
மாமியார் விரல் பிடித்து எண்ணிக் காட்டினாள்,
ஏனா, த்வா, த்ரி.
"குழந்தைக்கு அந்தப் பேச்சு வேண்டாமே" என்றது நான்.
கெட்ட எண்ணத்தில் இல்லை, பள்ளியில் கஷ்டப்படுவாளே என்று.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஜன்னலைச் சாத்தினார்.
காற்றுகூட இல்லை அன்றைக்கு.

பிப்ரவரியில் ஒருநாள் பேருந்தில் போனோம்.
வெளியே போரா காற்று
குப்பைத் தொட்டிகளை உருட்டிக்கொண்டிருந்தது.
அவர் நடுங்கினார்.
மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்,
அவர் மொழியில், கொஞ்சம் உரக்க:
குளிர்கிறதா உனக்கு?

சட்டென்று அவன் கை என் வாயைப் பொத்தியது.
அவன்தான். ஏழு வயது.
பின்னால் திரும்பிப் பார்த்தான், முன்னால் பார்த்தான்,
என் காதில் மூச்சுவிடாமல் சொன்னான்:
இங்கே வேண்டாம். வாத்தியார் அடிப்பார்.
பற்றவைப்புத் தழும்புகள் உள்ள உள்ளங்கை.
என் உதட்டுச் சாயம் அதில் ஒட்டிக்கொண்டது.
நோய் திருடும் என்றுதான் சொன்னார்கள்,
திருப்பிக் கொடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை,
அதுவும் இதை.

தினமும் மாலை ஐந்துக்குக் கதவருகே நிற்பார்.
க்ரெம் தொமோவ். வீட்டுக்குப் போகிறேன்.
இதுதான் வீடு என்று ஒரு வருடம் வாதாடினேன்.
இப்போது வாதாடுவதில்லை.
ஒருமை, தன்மை என்று மனதுக்குள் குறித்துக்கொள்வேன்.

நேற்றும் நின்றார்.
சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.
க்ரேவா தொமோவ், என்றார்.
நாம் ரெண்டு பேரும் போகலாம், வீட்டுக்கு.

அந்த இரண்டாவது ஆள் யார்?
அக்கா ஸோர்காவாக இருக்கலாம்,
மேட்டில் அவர் மேய்த்த ஆடாக இருக்கலாம்.
இலக்கணம் அதைச் சொல்வதில்லை.
நானும் கேட்கவில்லை.

ரெண்டு மேலங்கிகளையும் எடுத்தேன்.